கேட்டால் அழியும் சேறு

ஒஸ்லோ நகரத்துக்கும் என் அப்பாவுக்கும் ஒரே வியாதி. இருவருக்கும் பிறந்த தேதி கிடையாது.

அப்பா 1989-இல் எங்கள் ஊரான புளியங்கூடலில் இருந்து நோர்வேக்கு வந்து சேர்ந்தபோது கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. குடிவரவு அலுவலகத்துப் பெண் சலிக்காமல் ஜனவரி ஒன்று என்று எழுதிக்கொண்டாள். அன்று முதல் சாகும்வரை அவருக்குப் புத்தாண்டில்தான் பிறந்தநாள். நகரத்தின் பாடு இன்னும் மோசம். 1950-இல் தொள்ளாயிரம் வயது என்று சொல்லிக் கொண்டாடினார்கள். பிறகு யாரோ பழைய எலும்புகளைத் தோண்டி எடுத்து, இவை அதற்கும் முந்தியவை என்றார்கள். உடனே 2000-இல் ஆயிரம் வயது என்று இன்னொரு விழா எடுத்தார்கள். ஐம்பது வருடத்தில் நூறு வயது கூடிய தலைநகரம் வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை.

இப்போது 2050. பழைய கணக்குப்படி ஆயிரம், புதிய கணக்குப்படி ஆயிரத்து ஐம்பது. மாநகர சபை இரண்டாகப் பிரிந்து நின்று சண்டை போட்டது. கடைசியில், சேற்றையே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

கேட்பது என்றால் காதால் கேட்பது. அதுதான் என் வேலை. பெயர் ஆரபி, வயது நாற்பத்தாறு, படித்தது களிமண். "டொக்டராகியிருக்கலாம்" என்று அம்மா கடைசிவரை புலம்பினார்.

அந்தப் புதன்கிழமை காலை, வேலைத்தள வாசலில் ஒரு தமிழ் அம்மா நிற்பதாகக் காவலாளி வந்து சொன்னான். போய்ப் பார்த்தால் றஞ்சினி அன்ரி. முப்பது வருடம் இந்த ஊரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயதிலும் முதுகு வளையாமல், ஓட்டுநர் இருக்கையில் இருப்பதுபோலவே நின்றார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

அந்தப் பொட்டைப் பற்றி நாற்பது வருடமாக எங்கள் ஆட்கள் பேசாத பேச்சில்லை. அவருடைய கணவர் நகுலேஸ்வரன் 2010 பெப்ரவரி மூன்றாம் தேதி மத்தியானம் புறநகரான குறூரூட்டில் இருந்த வீட்டிலிருந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை. பொலிஸார் வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டை ஒரு வாரம் தேடினார்கள். உடலும் இல்லை, கடிதமும் இல்லை. பாதிச் சனம் அவர் செத்துப்போனார் என்றது. மீதிச் சனம் கனடாவில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார் என்றது. கனடாக் கதையைத் தொலைபேசியில் ஊர் முழுக்கப் பரப்பியவர்களில் என் அம்மா முதல் ஆள். எனக்கு அப்போது ஆறு வயது. சோபாவுக்குக் கீழே இருந்து விளையாடிக்கொண்டு, அம்மா அந்தக் கதைக்குக் கண்ணும் மூக்கும் வைப்பதைக் கேட்டிருக்கிறேன்.

"பிள்ளை, நீ பரமேஸ் அக்காவின்ர மகளெல்லே?"

"ஓம் அன்ரி."

"உந்தச் சேத்துக்குள்ள சத்தம் இருக்காம். உண்மையோ?"

"இருக்கு அன்ரி. ஆத்தில வாற களி கடலுக்கடியில ஒவ்வொரு நாளும் ஒரு படலமாப் படியும். படியேக்க அண்டைக்கு இஞ்ச கேட்ட சத்தமெல்லாம் அதை அதிரப் பண்ணும். அந்த அதிர்வு அப்பிடியே இறுகி நிண்டிடும்."

"பாட்டு ரேப்பில பதிஞ்ச மாதிரி."

"ரேப்பைத் திருப்பிப் போடலாம். இதைத் திருப்பிப் போடேலாது. இது சீட்டுக்கட்டால கட்டின வீடு மாதிரியான களி. ஊசியை வைச்சு மெல்லமா ஆட்டினா, தன்ர சத்தத்தைச் சொல்லிப்போட்டு விழுந்திடும். ஒருக்காக் கேட்டா அழிஞ்சுபோம்."

"எனக்கும் ஒருக்காத்தானே வேணும்" என்றார் அன்ரி.

அப்போதுதான் அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1537-க்கு முந்திய பொருள் என்றால் ஓட்டாஞ்சில்லாக இருந்தாலும் தானாகவே பாதுகாப்பு வந்துவிடும். சேற்றைக் கேட்கும் கருவி வந்தபிறகு இன்னொரு சட்டமும் போட்டார்கள். கடைசி நூறு வருடத்துப் படலத்தை யாரும் கேட்கக்கூடாது. யார் வீட்டு ரகசியம், யாருடைய தொலைபேசிப் பேச்சு அதில் கிடக்கிறதோ! அதனால் அந்த மேல்பகுதியைக் கேட்காமலே கழுவிக் கடலில் விடவேண்டும். அடியில் இருப்பதைக் கேட்பதற்கு எப்படியும் மேல்பாரத்தை அகற்றித்தான் ஆகவேண்டும். கழுவும் நாள் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. செய்தியில் சொல்லியிருந்தார்கள்.

"அன்ரி, சட்டப்படி குற்றம். என்ர வேலை போம். பிடிச்சு மறியலிலயும் போடுவினம்."

"தெரியும் பிள்ளை. முப்பது வருசம் சட்டப்படி ஓடினவள் நான்." பொட்டைத் தொட்டுக் காட்டினார். "நாளைக்கு நான் செத்தால் என்னைப் பொட்டோட எடுக்கிறதோ, அழிச்சுப்போட்டு எடுக்கிறதோ? ஐயரிட்டக் கேட்டன். அவருக்கும் தெரியேல்லை."

"காரியம் செய்யலாமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"பன்ரண்டு வருசம் முடிய, தர்ப்பையில உருவம் செய்து அந்தியேட்டியை முடிப்பம் எண்டார். கவுண்மேந்தும் செத்திட்டார் எண்டு கடிதம் போட்டது. மனிசன் உயிரோட இருந்தால்? உயிரோட இருக்கிறவருக்கு எள்ளுத்தண்ணி இறைச்ச பாவம் ஆருக்கு?"

நான் மாட்டேன் என்று சொன்னேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அவர் கெஞ்சவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். பெப்ரவரி மூன்று, பின்னேரம் மூன்றே கால் என்று எழுதியிருந்தது.

"இவ்வளவு சரியா நேரம் எப்பிடி அன்ரி தெரியும்? இந்த இடம்தான் எண்டு எப்பிடித் தெரியும்? பொலிஸ் தேடினது குறூரூட் காட்டையெல்லே?"

"தெரியும்" என்றார். கைப்பையை மூடிக்கொண்டு போனார்.

அன்று முழுக்க வேலையில் மனம் ஓடவில்லை. அம்மா செத்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அவர் கட்டிய கனடாக் கதை மட்டும் இன்னும் கோவில் மடப்பள்ளியில் உயிரோடு சுற்றுகிறது.

வியாழக்கிழமை காலை குழிக்குள் இறங்கினேன். பியோர்விகா குடாவின் கரையில், கடலை இரும்புத் தகட்டால் மறித்து இறைத்த குழி அது. சுற்றிலும் சுரங்கப்பாதை, இசையரங்கம், கண்ணாடிக் கட்டடம் என்று தோண்டாத இடமில்லை. யாரும் கைவைக்காத துறைமுகச் சேறு இரண்டு கட்டில் அளவுதான் மிஞ்சியிருந்தது. அதன் ஒரு பக்கத்தை நேராக வெட்டிச் சுவர்போல் நிறுத்தியிருந்தோம். என் தலைக்கு மேல் ஒரு முழம் வரை உயரம். அந்தச் சுவரில் நகரத்தின் முழுச் சரித்திரமும் கோடு கோடாக நின்றது.

மேலே சாம்பல் நிறத்தில் எங்கள் காலம். அதற்குக் கீழே நிலக்கரிப் புகையின் கறுப்பு. அதில் ஜெர்மன்காரன் சப்பாத்துக்காலோடு நடந்த ஐந்து வருடமும் அடக்கம். இன்னும் கீழே ஒரு முழத்துக்கு மரத்தூள். 1666-இல் லண்டன் எரிந்தபோது இங்கிருந்து பலகை பலகையாகக் கப்பலேறியது. அடுத்தவன் வீடு எரிய இவர்கள் குளிர் காய்ந்தார்கள் என்று இந்த ஊரிலேயே ஒரு பேச்சு உண்டு. அதற்குக் கீழே இரண்டு விரல் தடிப்பில் சுத்தக் கரி. அது 1624. மூன்று நாள் எரிந்தது நகரம். அதே இடத்தில் திரும்பக் கட்டக்கூடாது என்றான் டென்மார்க்கில் இருந்து ஆண்ட அரசன். குடாவுக்கு அந்தப் பக்கம், கோட்டைக்குக் கீழே எல்லாரும் போகவேண்டும், செங்கல்லில்தான் கட்டவேண்டும், நகரத்துக்கு என் பெயர்தான் என்று கட்டளை போட்டான். செங்கல்லுக்கு வழியில்லாதவர்கள் மதிலுக்கு வெளியே மரக் குடிசை போட்டார்கள். முந்நூறு வருடம் கழித்து, 1925-இல்தான் ஒஸ்லோ என்ற பெயர் திரும்பக் கிடைத்தது. இதைப் படித்தபோது அப்பா, "எங்களை மட்டும்தான் எழும்பிப் போங்கோ எண்டினம் எண்டு நினைச்சனான்" என்றார்.

கரிக்குக் கீழே ஜெர்மன் வியாபாரிகளின் மீன் முள். அதற்கும் கீழே, குப்பையே இல்லாத ஒரு மெல்லிய சுத்தமான பட்டை. கொள்ளைநோய்க் காலம். குப்பை போடவும் ஆள் இருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் நீலக் களி. அதில்தான் நகரத்தின் முதல் தேவாலய மணி கிடக்கிறது என்பது ஹால்வோரின் நம்பிக்கை. மணி அடித்திருந்தால் தேவாலயம் இருந்தது, தேவாலயம் இருந்தால் ஊர் இருந்தது. அந்தப் படலத்தின் வயதுதான் நகரத்தின் வயது.

ஹால்வோர் எங்கள் தலைவர். அறுபத்து மூன்று வயது தொல்லியல்காரர். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். இந்த மணிக்காக இருபத்திரண்டு வருடம் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். அந்தக் காலத்தில் மனைவி விட்டுப் போனார், முடி போனது, மணி மட்டும் போகவில்லை.

"நாளைக்குக் கழுவிவிட்டால் பயம் இல்லை, ஆரபி" என்று அன்று காலையிலும் சொன்னார். "இந்த மேல்களி பிஞ்சு. இதை மட்டும் யாரும் தொட்டுவிடாதீர்கள்."

"தொட்டால் எவ்வளவு தாங்கும்?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாததில்லை. அவர் வாயால் கேட்கவேண்டும் போலிருந்தது.

"இரண்டு நிமிடம் ஊசியை ஆட்டினால் அந்தப் படலம் மட்டும் போகும். அதற்கு மேல் ஆட்டினால் இளக்கம் கீழே இறங்கும். பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஆயிரம் வருடமும் கூழ்தான்." சொல்லிவிட்டு, குழந்தையைத் தொடுவதுபோல் அந்தச் சுவரின் அடியைத் தொட்டுப் பார்த்தார்.

பதினொரு மணிக்கு மதிய உணவு. நோர்வேக்காரர் வெடிகுண்டு விழுந்தாலும் பதினொரு மணிக்குப் பாண் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். பதினொன்றரைக்கு மூடுவார்கள். மற்ற ஏழு பேரும் ஏணியில் ஏறி ஓய்வறைக்குப் போனார்கள். கால்சட்டையைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி நான் நின்றுவிட்டேன்.

பதிவுக் கருவியின் வயரைக் கழற்றினேன். அதில் பதிந்தால் எல்லாம் நேராக நகர ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். புத்தாண்டு வாணவெடி ஒவ்வொரு வருடமும் களியில் தெளிவான சுருக்கம் ஒன்றை விடும். 2010-இன் சுருக்கத்தைப் பிடித்து, அங்கிருந்து மேலே முப்பத்து மூன்று படலம் எண்ணினேன். முப்பத்து மூன்றாவதில் ஊசியை வைத்தேன். நேரத்தை மூன்றே காலுக்குத் திருகினேன். கைக்கடிகாரத்தில் பதினொன்று ஏழு.

விசையை அழுத்தினேன்.

முதலில் பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் அசையும் சத்தம். எங்கோ ஒரு பாரந்தூக்கி. பிறகு ஒரு பேருந்து வரும் இரைச்சல். அது கிட்ட வந்தது. ஹோர்ன் இரண்டு தரம் கேட்டது, இரண்டும் நீளமாக, எரிச்சலோடு. பேருந்து நிற்கவில்லை. இரைச்சல் தேய்ந்துகொண்டு போனது. அதன் பின்னாலேயே பனியில் யாரோ ஓடும் காலடி. மூச்சு வாங்க, சிரிப்பும் கலந்த ஒரு குரல்.

"றஞ்சி! நில்லு! நில்லடி!"

தமிழ். நாற்பது வருடம் சேற்றுக்குள் கிடந்த தமிழ். காலடி இன்னும் வேகமாக வந்தது. கரை வளைவைச் சுற்றாமல், குடாவின் பனிமேல் குறுக்கே ஓடுகிறார் என்பது புரிந்தது. பிறகு அந்தச் சத்தம். பலகை முறிவதுபோல் ஒன்று, தொடர்ந்து தண்ணீர்.

ஒரு நிமிடம் நாற்பது வினாடி. கருவியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கேட்க வந்த பதில் கிடைத்துவிட்டது. அவர் இங்கேதான் செத்தார். கனடா இல்லை, வேறு குடும்பம் இல்லை. இனி விசையை விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். விரலும் விசையில்தான் இருந்தது.

அப்போது அவர் கூப்பிட்டார்.

"றஞ்சி."

கத்தவில்லை. அடுப்படியில் நிற்பவளைக் கூடத்திலிருந்து கூப்பிடுவதுபோல்தான் இருந்தது. மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை பலமாக. நடுவில் ஒரு முறை நோர்வே மொழியில் உதவி என்று கத்தினார், புதிதாகப் படித்தவரின் உச்சரிப்பில். யாரும் பதில் சொல்லவில்லை. மேலே சாலையில் கார்கள் போகும் சத்தம் எனக்கே கேட்டது.

இரண்டு நிமிடம் தாண்டியது. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் முட்டாள் அல்ல. அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று ஹால்வோருக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு மனிதன் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எப்படி நிறுத்துவது? அன்று அவ்வளவு பெரிய நகரத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இன்று கேட்பதற்கு என் இரண்டு காதுகள் மட்டும் இருந்தன. நான் விசையை விட்டால் அவர் மறுபடியும் நடுவில் கைவிடப்படுவார். எனக்கு அப்படித்தான் தோன்றியது. அழுதுகொண்டே அழுத்திப் பிடித்தேன்.

மூன்று நிமிடம். சப்பாத்துக்கு அடியில் தரை மெத்தென்று ஆனது. குரல் தணிந்துகொண்டே வந்தது. இப்போது கூப்பிடவில்லை, பேசினார். குளிர் ஏறிய மனிதர் நித்திரையில் பேசுவதுபோல் ஒரு வசனம். பிறகு இன்னொரு தரம் பெயர். ஆறாவது நிமிடம் நெருங்க, பனிக்கட்டித் துண்டுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மட்டும் மிஞ்சியது. அதையும் கொஞ்ச நேரம் கேட்டேன். அவர் போய்விட்டார் என்று நிச்சயமான பிறகுதான் விசையை விட்டேன்.

விட்டும் பயனில்லை. சுவர் வியர்த்தது. மேலிருந்து கீழாகக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கலங்கின. ஊசி களிக்குள்ளேயே இருந்ததால், விழும்போது ஒவ்வொரு காலமும் தன் சத்தத்தை என் காதில் கொட்டிவிட்டு விழுந்தது. சப்பாத்துகள், நீராவிக் கப்பல், மரம் அறுக்கும் வாள், குதிரை வண்டி, பீரங்கி. பிறகு நெருப்பு. மூன்று நாள் நெருப்பு ஒரு மூச்சில் எரிந்து முடிந்தது. தெரியாத மொழியில் விலை பேசினார்கள், பெண்கள் அழுதார்கள், பிறகு ஒரு நீண்ட வெறுமை. மணியும் ஒன்று கேட்டது. அது முதல் மணியா, கடைசி மணியா, யாருக்குத் தெரியும். அதற்கும் அடியில் யாரோ ஒருவர் மரத்தில் ஆணி அறைந்தார். அவ்வளவுதான், சுவர் என் முழங்கால்வரை வழிந்து நின்றது.

அபாயச் சங்கு ஊதியது. ஏணியில் எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. எல்லோரும் ஓடி வந்தார்கள். ஹால்வோர் கையில் கடித்த பாண் துண்டோடு குழியின் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். முகம் ஒரு நிமிடத்தில் கிழவர் முகமாகிவிட்டது. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நான்தான்" என்றேன். "ஐந்து நிமிடம் கொடுங்கள். வந்து சொல்கிறேன்."

மறுத்து அனுப்பியும், அன்று காலையிலிருந்தே றஞ்சினி அன்ரி கரையோர மர வாங்கில் வந்து காத்திருந்தார். சேறு வழியப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வரும் வழியில் எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்திருந்தேன். எழுபத்தொரு வயதுப் பெண்ணிடம் போய், உங்கள் பெயரை நான்கு நிமிடம் கூப்பிட்டுச் செத்தார் என்று எந்த வாயால் சொல்வது? அதைக் கேட்டுவிட்டு எப்படி நித்திரை கொள்வார்? சாவு உறுதி என்பது மட்டும் போதும். மற்றதை நானே சுமந்துகொள்கிறேன் என்று நினைத்தேன். பெரிய மனசுக்காரி.

"அன்ரி, அவர்தான். பனி உடைஞ்சு விழுந்தவர். உடனே முடிஞ்சுது. ஒரு சத்தமும் போடேல்லை."

அன்ரி என் முகத்தையே பார்த்தார். "வேற ஒண்டும் கேக்கேல்லையோ?"

"ஒண்டுமில்லை. அக்கம்பக்கத்தில ஒரு குருவியும் இல்லை. பஸ், கார், ஆக்கள், ஒண்டும் இல்லை. ஆரும் நிண்டிருந்தா எப்பிடியும் காப்பாத்தியிருப்பினம். ஒருத்தரும் இல்லாத நேரம் பாத்து நடந்திட்டுது. ஒருத்தரிலயும் பிழையில்லை அன்ரி."

ஆறுதலாகத்தான் சொன்னேன். ஆனால் அவருடைய தோள் தொய்ந்தது. கண்ணில் இருந்த ஏதோ ஒன்று அணைந்துபோனது. மெல்ல எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினார்.

"அப்ப அது அவரில்லைப் பிள்ளை. வேற ஆரோ. உனக்கு வீண் கரைச்சல் தந்திட்டன்."

"அன்ரி!"

"பஸ் இல்லாட்டி அது அவரில்லை." சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

வேலை போனது. ஹால்வோரின் இருபத்திரண்டு வருடம் போனது. ஒரு நகரத்தின் ஆயிரம் வருடம் கூழாகிக் கிடக்கிறது. இவ்வளவையும் கொடுத்து வாங்கிய ஒரே உண்மையை, நல்லெண்ணத்தால் நானே பொய்யாக்கிவிட்டேன். திரும்பக் கேட்டுக் காட்டவும் களி இல்லை. அம்மாவின் மகள்தானே நான் என்று நினைத்துக்கொண்டேன்.

"அன்ரி, நில்லுங்கோ. பஸ் வந்தது."

அவர் திரும்பவில்லை. "நான் சொன்னபடியால் சொல்லுறாய்."

"ஹோர்ன் அடிச்சது. ரெண்டு தரம். ரெண்டும் நீளமா. நிக்கேல்லை."

அன்ரி அப்படியே நின்றார். பிறகு வாங்கின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஹோர்னைப் பற்றி அவர் இந்த நாற்பது வருடத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"நான்தான் அடிச்சனான்" என்றார். "அந்த பஸ் நான் ஓடினது. வேலைக்குச் சேந்து மூண்டாம் கிழமை. அண்டைக்குக் காலமை எங்களுக்குள்ள பெரிய சண்டை. இந்தக் கரையில பஸ் தரிப்பைத் தாண்டி வெளிக்கிட்டிட்டன், கண்ணாடியில பாத்தால் இவர் கையைக் காட்டிக்கொண்டு ஓடி வாறார். சண்டையை றோட்டிலயும் தொடரப்போறார் எண்டு நினைச்சன். தரிப்பில்லாத இடத்தில நிப்பாட்டக் கூடாதெண்டு படிப்பிச்சவை. ஓட்டுறவன் ஒரு நோர்வேக்காரன் எண்டால் நிப்பாட்டியிருப்பான் பிள்ளை. நான் புது ஆள், சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். ஹோர்னை அடிச்சுப்போட்டுப் போட்டன்."

"பொலிசுக்கு ஏன் சொல்லேல்லை?"

"வீட்டை வந்திடுவார் எண்டுதான் முதல் ரெண்டு நாளும் இருந்தன். பேந்து சொல்லப் பயம். ஏன் நிப்பாட்டேல்லை எண்டு கேப்பினமெல்லே." கையை விரித்துப் பார்த்தார். "அவை காட்டைத் தேட, நான் பாத்துக்கொண்டிருந்தனான்."

அன்ரி என் பக்கம் திரும்பினார்.

"இப்ப உண்மையைச் சொல்லு. கூப்பிட்டவரோ?"

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிசம். உங்கட பேரைத்தான்."

அன்ரி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு மட்டும் பெரிதாக வந்து போனது.

"கடைசியா என்ன சொன்னவர்?"

"கிளவுசை விட்டிட்டுப் போட்டாய், கை விறைக்கப்போகுது எண்டு சொன்னவர்."

அவர் நம்பமுடியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கிளவுஸோ? கிளவுஸ் கொண்டுவந்தவரோ?" குரல் உடைந்தது. "சண்டை பிடிக்க வரேல்லையோ?"

"இல்லை அன்ரி. சிரிச்சுக்கொண்டுதான் ஓடி வந்தவர்."

அப்போதுதான் அழுதார். நாற்பது வருட அழுகை. எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் நடுப்பகலில், போகிற வருகிறவர்கள் பார்க்க, அந்த வாங்கில் இருந்து அழுதோம்.

கொஞ்ச நேரத்தில் அன்ரி மூக்கைத் துடைத்துக்கொண்டு குழிப் பக்கம் பார்த்தார். அங்கே ஆட்கள் கூடியிருந்தார்கள். சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நிமிசத்துக்கு மேல கேட்டால் சேறு முழுக்கப் போயிடும் எண்டு ரீவியில சொன்னவையெல்லே?"

"ஓம்."

"நாலு நிமிசம் எண்டு சொல்லுறாய். இடையில நிப்பாட்டேல்லையோ?"

"நிப்பாட்டேல்லை."

"முடியுமட்டும் நிண்டனியோ?"

"முடியுமட்டும் நிண்டனான் அன்ரி."

அவர் என் சேறு படிந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப அவர் தனியப் போகேல்லை. ஐயரிட்டச் சொல்லி அந்தியேட்டிக்கு நாள் வைக்கப்போறன். நீ வந்து எள்ளுத்தண்ணி இறைக்கவேணும்."

"பொம்பிளையள் இறைக்கிறேல்லையெல்லே? நான் சொந்தமும் இல்லை."

"கடைசி நேரம் பக்கத்தில நிண்டது நீதான். வேற ஆர் இறைக்கிறது?"

வருகிறேன் என்றேன். அப்போதுதான் சங்கு நின்றிருப்பதைக் கவனித்தேன். குழியின் விளிம்பிலிருந்து ஹால்வோர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நெடுநேரமாகக் கூப்பிடுகிறார் போலிருந்தது. நான் எழுந்து போனேன்.